ஆய்வு மாணவி தாயாகும்போது கைடும் துறையும் செய்ய வேண்டியவை

கேள்வியின் சாரம் இது. கேட்டவர் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி. அவரிடம் முழுநேரப் பிஎச்.டி. செய்யும் மாணவி மூன்றாம் ஆண்டில் இருக்கிறார், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஃபெலோஷிப், அதாவது உதவித்தொகை பெறுகிறார், இப்போது கர்ப்பமாகி 7 வாரம். நல்ல மாணவி, பாதியில் விட்டுவிடக் கூடாது என்று கைடு கவலைப்படுகிறார். லீவு கொடுத்தால் போதுமா, வேறென்ன செய்ய வேண்டும் என்பது ஒரு கேள்வி. "ஒருவருக்குச் சலுகை கொடுத்தால் நாளை எல்லாரும் கேட்பார்கள்" என்று துறைத்தலைவர் சொல்கிறார், அவருக்கு என்ன பதில் சொல்வது என்பது இன்னொன்று.

லீவு மட்டும் போதாது. விடுப்பில் போவது மாணவிதான். காலக்கெடுக்கள் எதுவும் விடுப்பில் போவதில்லை. பிஎச்.டி. பதிவுக்கு ஒரு கெடு, ஃபெலோஷிப்புக்கு ஒன்று, புராஜெக்ட்டுக்கு ஒன்று, அடுத்த வேலைக்கான வயது வரம்பு ஒன்று என்று எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை பிறந்தபின் ஆராய்ச்சியை விடுகிற பெண்களில் பலர், திரும்பி வந்து பார்க்கும்போது இவற்றில் ஒன்று முடிந்துபோயிருப்பதால் விடுகிறார்கள். ஆகவே உங்கள் வேலை, ஒவ்வொரு கெடுவையும் தனித்தனியாகப் பிடித்து நிறுத்துவது அல்லது தள்ளிவைப்பது.

அதற்கு முன், 7 வாரம் என்பதால் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: லேப் பாதுகாப்பு. கருவின் உறுப்புகள் உருவாவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். ஆனால் நம் வீடுகளில் மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்வதில்லை. மிகவும் கவனமாக இருக்க வேண்டிய வாரங்களில் லேபில் யாருக்குமே தெரியாமல் போவது இதனால்தான். உங்கள் மாணவி உங்களிடம் சொல்லியிருக்கிறார், அது அவர் உங்கள்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. அவர் அனுமதியில்லாமல் அது துறைத்தலைவருக்குக்கூடப் போகக் கூடாது. துறையில் இனி யாரிடம் ரகசியமாகச் சொல்லலாம் என்று ஒருவரை, முடிந்தால் கைடு அல்லாத ஒரு மூத்த ஆசிரியையை, முன்கூட்டியே அறிவித்து வைப்பது நல்லது.

அவர் பயன்படுத்தும் ஒவ்வொரு ரசாயனத்தின் பாதுகாப்புத் தாளையும் (ஆபத்துகளைச் சொல்லும் எஸ்டிஎஸ்) எடுத்து இரண்டாம் பிரிவைப் பாருங்கள். எச்360 என்ற ஆபத்துக் குறியீடு இருந்தால் கருவுக்கோ கருத்தரிப்புக்கோ தீங்கு செய்யக்கூடியது. எச்361 என்றால் அப்படிச் சந்தேகிக்கப்படுவது. எச்362 என்றால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தீங்காகலாம். கடைசி எண்ணை அவர் விடுப்பு முடிந்து வரும்போது மறுபடி பார்க்க வேண்டும், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். உயிர்வேதியியல் லேபில் இந்தப் பட்டியலில் வருபவை நாம் பயப்படாமல் கையாள்பவைதான்: ஃபார்மமைடு, டைமெத்தில் ஃபார்மமைடு, டொலுயீன், ஆர்என்ஏ பிரிக்கும்போது சேர்க்கும் குளோரோஃபார்ம், டிபிஇ பஃபருக்கு நிறுக்கும் போரிக் ஆசிட்கூட. அக்ரிலமைடைத் தூளாக நிறுப்பதை அறவே நிறுத்துங்கள். ஆயத்த ஜெல் வாங்கப் பணம் இருந்தால் அதுவே மேல். டிஎன்ஏவுக்குச் சாயமேற்றும் எத்திடியம் புரோமைடு வேலையை வேறொருவர் பார்க்கட்டும். டைமெத்தில் ஃபார்மமைடு தோல் வழியாகவே உள்ளே போகும், வழக்கமான நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் கடந்துவிடும், ஆகவே "கையுறை போட்டிருக்கிறாரே" என்பது அதற்குப் பாதுகாப்பு ஆகாது. சர்ஜிக்கல் மாஸ்க் எந்த ஆவியையும் தடுக்காது. ஐசோடோப் வேலை இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு தெளிவானது: கர்ப்பத்தை அறிவித்தபின் மீதிக் காலம் முழுவதற்கும் கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. திரவ நைட்ரஜன் கலனைத் தூக்குவது, விலங்குக் கூடத்தில் ஐசோஃபுளூரேன் மயக்கமருந்து கொடுப்பது ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள்.

இங்கே நல்லெண்ணத்தால் நடக்கும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். "நீ இனி லேபுக்கே வராதே, உட்கார்ந்து ரிவ்யூ எழுது" என்று கைடு சொல்லிவிடுவார். ஆறு மாதம் கழித்து அவருடைய பரிசோதனை வேறொருவர் கைக்கு முழுமையாகப் போய்விட்டிருக்கும், கட்டுரையில் முதல் பெயரும் அந்த வேறொருவருக்கே போய்விடும். மாற்ற வேண்டியது குறிப்பிட்ட ரசாயனமும் குறிப்பிட்ட படியும்தான். பிசிஆர், புரோட்டீன் சுத்திகரிப்பு, தரவுப் பகுப்பாய்வு என்று செய்யக்கூடியவை நிறைய இருக்கும். எதைத் தொடர்வது என்பதை அவரும் அவருடைய மருத்துவரும் முடிவு செய்யட்டும்.

இனி கெடுக்கள். யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவில் மேலும் 2, பெண்களுக்கு அதற்கு மேல் இன்னும் 2, ஆக மொத்தம் 10 ஆண்டு. மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பாகப் பிஎச்.டி. காலம் முழுவதற்கும் 240 நாள்வரை தரலாம். இது ஒரு குழந்தைக்கு 240 என்று அல்ல, மொத்தத்துக்கே அவ்வளவுதான். ஊழியர்களுக்குச் சட்டம் தரும் 26 வாரம், அதாவது 182 நாள், அளவை வைத்துக்கொண்டால் மீதி 58 நாள் இருக்கும். அதை முதலிலேயே செலவழிக்காமல், குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாட்களுக்கும் இரண்டாவது குழந்தை உண்டென்றால் அதற்கும் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். 240 நாள் தானாகக் கிடைக்காது. விண்ணப்பம், மருத்துவச் சான்று, டாக்டோரல் கமிட்டி (ஆய்வை மேற்பார்க்கும் குழு) பரிந்துரை, பல்கலைக்கழக ஆணை என்று நான்கு தாள்கள் வேண்டும். வாய்மொழியாக "போய் வாம்மா" என்று அனுப்பிவைத்த மாணவிகள்தான் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்கும்போது வருகைப் பதிவில் எட்டு மாத ஓட்டையோடு ஆராய்ச்சிப் பிரிவு வாசலில் நிற்கிறார்கள். ஆணையில் தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வரும் ஆறுமாத முன்னேற்ற அறிக்கைக்கு விலக்கு என்றும் ஒரு வரி இருக்க வேண்டும்.

ஃபெலோஷிப் இதைவிடச் சிக்கல். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஃபெலோஷிப்) மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) 42,000, இரண்டும் சேர்ந்து 5 ஆண்டு. மகப்பேறு விடுப்பில் முழுத் தொகை கிடைக்க விதி இடம் தருகிறது. ஆனால் நிறுவனம் மாதாமாதம் வலைத்தளத்தில் உறுதி செய்தால்தான் பணம் இறங்கும். கல்லூரியில் மேக்கராக, அதாவது அந்த வலைத்தளத்தில் பதிவு செய்பவராக இருக்கும் எழுத்தர், "ஆள் வரவில்லையே" என்று ஒரு மாதம் விட்டுவிட்டால் நிலுவை ஆகும், அதை மீட்க அலைவதற்குள் குழந்தை நடக்க ஆரம்பித்துவிடும். விடுப்பு ஆணையின் நகலை மேக்கர், அதைச் சரிபார்க்கும் செக்கர் இருவரிடமும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். இன்னொரு கேள்வியை இப்போதே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்: விடுப்பு நாட்கள் அந்த 5 ஆண்டுக்குள் கழியுமா, கூடுதலாகச் சேர்க்கப்படுமா? கழியும் என்று பதில் வந்தால் கடைசி எட்டு மாதம் அவர் பணமில்லாமல் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கும். அந்த மாதங்களுக்கு உங்கள் புராஜெக்ட்டில் ஓர் உதவியாளர் இடத்தையோ கல்லூரியின் சொந்த நிதியையோ இன்றே திட்டமிட வேண்டும். கையில் குழந்தை இருக்கும்போது சம்பளம் நின்றால், ஆய்வேட்டை மூடிவைத்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போவதுதான் நடக்கும்.

புராஜெக்ட் ஊழியராக இருப்பவர்களின் நிலை வேறு. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் சட்டப்படி மகப்பேறு உரிமை உண்டு, ஒப்பந்த ஊழியர் என்பதால் அது போய்விடாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் உரிய விடுப்புக் காலத்துக்கான பலனைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கவிதா யாதவ் வழக்கில் தீர்ப்பளித்தது. அவர் டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருந்த மருத்துவர். விடுப்பு தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. புராஜெக்ட் அசிஸ்டென்ட்டிடம் "மார்ச் 31-ஓடு உன் வேலை முடிந்தது" என்று சொல்லும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது. கரு கலைந்துபோனாலும் ஊழியருக்கு 6 வாரம் விடுப்பு உண்டு. ஆய்வு மாணவிகளுக்கு அப்படித் தனி ஏற்பாடு எழுதி வைக்கப்படாத இடங்களில், 240 நாளிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள், காரணத்தைப் பத்துப் பேர் பார்க்கும் கோப்பில் எழுதாமல்.

அடுத்தது ஆராய்ச்சியை ஒப்படைப்பது. ஏழாம் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒன்பதாம் மாதம்வரை நேரம் இருக்கிறது என்று எண்ணினால் பிரசவம் முந்திக்கொள்ளும். தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார், அது முந்நூறு கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். செல் லைன் ஒவ்வொன்றையும் உறையும்போது செல்களைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10 சதவீதம் சேர்த்து ஐந்தாறு சிறு குப்பிகளில் உறைய வைத்து, முடிந்தால் இரண்டு தனித்தனிக் கலன்களில் வையுங்கள். அவற்றில் ஒன்றை அவர் கிளம்பும் முன்பே உருக்கி வளர்த்துப் பாருங்கள். எட்டு மாதம் கழித்து உருக்கி, எதுவும் உயிரோடு இல்லை என்று தெரிவதைப் போன்ற அடி வேறில்லை. பாக்டீரியா ஸ்டாக்குகள் 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில், எந்தத் தட்டு எந்தப் பெட்டி என்ற வரைபடத்தோடு இருக்கட்டும். விடுப்புக்கு முந்தைய இரண்டு மாதத்தில் நொதிகளும் கிட்டுகளும் வாங்காதீர்கள், பயன்படுத்தாமலே காலாவதியாகும். மூலத்தரவு அவர் மடிக்கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. பருவத்தை நம்பியிருக்கும் ஆய்வு என்றால் கணக்கே வேறு: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாதிரி எடுப்பவருக்கு, அக்டோபர் முதல் டிசம்பர்வரை விடுப்பு என்றால் இழப்பு மூன்று மாதம் அல்ல, அடுத்த மழைவரை ஒரு முழு ஆண்டு. அப்படிப்பட்டவருக்கு அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் களத்துக்குப் போக ஆள் வைக்க வேண்டும்.

அவர் இல்லாதபோது பரிசோதனையைத் தொடர்பவர் யார், என்ன செய்வார், கட்டுரையில் பெயர் வரிசை என்ன? இதை ஒரு பக்கத்தில் எழுதி நீங்கள், மாணவி, தொடர்பவர் மூவரும் கையெழுத்திட்டு, டாக்டோரல் கமிட்டி குறிப்பில் சேர்த்துவிடுங்கள். கேள்வியையும் முறையையும் வகுத்து முக்கால்வாசித் தரவை எடுத்தவர் அவரென்றால் முதல் பெயர் அவருடையதே. உதவியவருக்கு இரண்டாம் பெயரோ, வேலையின் அளவு அப்படியென்றால் சமமான முதல் பெயரோ தரலாம். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கே இருப்பவர் பக்கம்தான் முடிவு சாயும். இருவரின் நட்பும் அதோடு போகும்.

பிரசவமான முதல் 6 வாரம் பெண்ணை வேலைக்கு வைப்பதையே சட்டம் தடுக்கிறது. மாணவி ஊழியர் இல்லையென்றாலும் அந்த அளவையே நீங்களும் பின்பற்றுங்கள். ரிவ்யூவர் கேட்ட திருத்தத்துக்குப் பத்திரிகையிடம் கால நீட்டிப்புக் கேளுங்கள், ஒரு மின்னஞ்சலில் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதன்பிறகு எவ்வளவு தொடர்பு வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். சிலர் மாதம் ஒரு போன் பேச விரும்புவார்கள், சிலருக்கு அதுவும் பாரம். ஊரிலிருந்தே கட்டுரைகளைப் படிக்க நூலகத்தின் வெளித்தொடர்பு அனுமதியை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரத்தையும் தாண்டி அழுகையும் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் தொடர்ந்தால் அது சோர்வு அல்ல, சிகிச்சை வேண்டிய நிலை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

திரும்பி வரும் முதல் மூன்று மாதம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. காப்பகத்தில் சேர்ந்த குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் அடுத்தடுத்து வருவது இயல்பு. வாரத்தில் ஐந்து நாளும் வருவார் என்று திட்டம் போட்டால் இரண்டாம் வாரமே அது உடைந்து, "இவருக்கு இனி ஈடுபாடு இல்லை" என்ற பேச்சு தொடங்கும். முதல் மாதம் எழுத்தும் பகுப்பாய்வும், இரண்டாம் மாதம் ஒரு நாளில் முடியும் பரிசோதனைகள், மூன்றாம் மாதத்திலிருந்து நீண்டவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுக்கும் பரிசோதனைகளை இருவர் பங்கிட்டுச் செய்யட்டும். லேப் மீட்டிங்கை மாலை ஐந்தரையிலிருந்து காலை பதினொன்றுக்கு மாற்றுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. வந்த முதல் மாதத்திலேயே டாக்டோரல் கமிட்டி முன் நிறுத்தாதீர்கள்.

தாய்ப்பால் எடுக்க மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, சுத்தம் செய்வதையும் சேர்த்து அரை மணி நேரம் ஆகும். உள்தாழ்ப்பாள் உள்ள அறை, பிளக் பாயின்ட், நாற்காலி, கை கழுவும் இடம், சிறிய ஃபிரிட்ஜ் ஆகியவை வேண்டும். கழிவறை இதற்கு இடமல்ல. மாதிரிகள் வைக்கும் லேப் ஃபிரிட்ஜில் பாலை வைக்கவே கூடாது. எடுத்த பால் 25 டிகிரிவரையான அறையில் 4 மணி நேரமும் ஃபிரிட்ஜில் 4 நாளும் தாங்கும். ஏப்ரல் மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறை 25 டிகிரியில் இருக்காது, ஆகவே ஃபிரிட்ஜ் கட்டாயம். இந்த வசதி இல்லாத இடத்தில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும், அல்லது அவர் மதியமே வீட்டுக்குப் போய்விடுவார்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பது 2017 திருத்தம். பல வளாகங்களில் இது "ஊழியர் குழந்தைகளுக்கு மட்டும்" என்று சுருங்கிவிடுகிறது, மாணவியின் குழந்தைக்கு இடமில்லை. காப்பக விதியில் ஆய்வு மாணவர் என்ற ஒரு சொல்லைச் சேர்க்க வைப்பதுதான் நீங்கள் அகாடமிக் கவுன்சிலில் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி. மகளிர் விடுதியில் குழந்தையோடு தங்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். வெளியூர் மாணவிக்கு விருந்தினர் விடுதியிலோ குடியிருப்பிலோ ஓர் அறை வேண்டும். இந்த இடத்தில், ஜெர்மனியில் நடப்பது ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1995-இல் மருத்துவ நோபல் பெற்ற கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் 2004-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். குழந்தையுள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு வீட்டு வேலைக்கு ஆள் வைக்கவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கவும் அது மாதாமாதம் பணம் தருகிறது. லேபில் ஒரு பெண்ணுக்கு நேரம் வேண்டுமென்றால் அதை வீட்டுப் பாத்திரங்களிலிருந்துதான் மீட்க வேண்டும் என்பதை அவர் நன்றாகப் புரிந்திருக்கிறார். உங்கள் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தால் இதை ஒரு மாணவிக்காவது செய்ய முடியும்.

கணவரின் வேலை நிமித்தம் அவர் வேறு ஊருக்குப் போக வேண்டி வந்தாலும் பிஎச்.டி. முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். 2022 விதிமுறை, இடம்பெயரும் மாணவி ஆய்வுத் தரவைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோக அனுமதிக்கிறது. நிதி நிறுவனம் கொடுத்த புராஜெக்ட்டின் பகுதியாக அது இருக்கக் கூடாது, பழைய கைடுக்கும் நிறுவனத்துக்கும் உரிய அங்கீகாரம் தர வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

பிஎச்.டி. முடிந்தபின் இடைவெளி விழுந்தவர்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டங்களும் உயிர்த்தொழில்நுட்பத் துறையின் பயோகேர் திட்டமும் உண்டு. ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில் தாய்மாருக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் என்று, நிதிக்கு விண்ணப்பிக்கும் தகுதிக் காலத்தை நீட்டித்துக் கொடுத்துவருகிறது. நாளைக்கு நீங்கள் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது "குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவிலும்" என்ற வாக்கியத்தைத் தவிருங்கள். பாராட்டு என்று நினைத்து எழுதுவது, படிக்கும் தேர்வுக்குழுவுக்கு எச்சரிக்கையாகப் படும். அவர் சம்மதித்தால், "இந்தத் தேதி முதல் இந்தத் தேதிவரை அனுமதிக்கப்பட்ட விடுப்பு" என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று கணக்குப் போடுபவர் அந்த மாதங்களைக் கழித்துக்கொள்ள அதுவே போதும்.

இனி துறைத்தலைவருக்கான பதில். இது சலுகை அல்ல, யுஜிசி விதிமுறையில் இருப்பதைத்தான் நீங்கள் நடைமுறைப்படுத்துகிறீர்கள். இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பும் வருகைத் தளர்வும் பற்றி விதி வகுக்கும்படி யுஜிசி 2021 டிசம்பரிலேயே துணைவேந்தர்களுக்கு எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் ஆசிரியைக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு. அதே லேபில் நிற்கும் மாணவிக்கு எட்டு மாதம் தரத் தயங்குவதில் நியாயமில்லை.

"எல்லாரும் கேட்பார்கள்" என்பதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதையும் நேராகவே பேசலாம். குழந்தை பிறந்தால் ஆண், பெண் இருவருக்கும் நிரந்தரப் பணிக்கான கெடுவில் ஒரே மாதிரிக் கால நீட்டிப்பு என்ற ஏற்பாட்டை அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளில் ஆராய்ந்து ஆன்டெகால், பெடார்ட், ஸ்டேர்ன்ஸ் மூவரும் 2018-இல் வெளியிட்டார்கள். ஆண்கள் நிரந்தரப் பணி பெறுவது கூடியது, பெண்கள் பெறுவது குறைந்தது. கிடைத்த கூடுதல் காலத்தில் ஆண்கள் உயர்ந்த இதழ்களில் கூடுதலாகக் கட்டுரை போட்டிருந்தார்கள். ஆகவே தந்தையாகும் ஆய்வு மாணவர்களுக்கும் விடுப்பு கொடுங்கள், மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் என்ற அளவாவது இருக்கட்டும். ஆனால் காலக்கெடு நீட்டிப்பை அவர் உண்மையில் எடுத்த விடுப்பு நாட்களோடு மட்டும் கட்டிப்போடுங்கள்.

அடுத்த துறைக் கூட்டத்துக்கு ஒரு பக்கத் தீர்மானம் கொண்டுபோங்கள்: 240 நாள் விடுப்புக்கு விண்ணப்பிக்கும் முறை, விடுப்பில் அறிக்கை விலக்கு, ரசாயனப் பட்டியல் சரிபார்ப்பு, ஒப்படைப்புப் படிவம், பால் எடுக்கும் அறை, காப்பகத்தில் இடம். உங்கள் மாணவியின் பெயர் அதில் எங்கும் வர வேண்டாம்.